சகலைக்கு, கண்ணுக்குள் பார்க்கும் குழாய் குறித்து

பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த சகலை அவர்களுக்கு,

மூத்த சகலை எழுதிக்கொண்டது. இந்த வீட்டில் நானும் குழாயும் நலம். உங்கள் நலத்தையும், பிள்ளைகளின் நலத்தையும், நீங்கள் பராமரிக்கும் பதினாறு லிப்ட்டுகளின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். என் மனைவியின் நலம் பற்றியதுதான் இந்தக் கடிதம். உங்கள் மனைவியின் நலத்தைப் பற்றி நீங்கள் எனக்கு எழுத வேண்டியதில்லை. அது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். குறிப்பாக, அவருடைய இரண்டு விழித்திரைகளும் புதுத் தட்டுபோல் பளபளவென்று இருக்கின்றன. எனக்கு எப்படித் தெரியும் என்று கோபப்படுவதற்கு முன், கையில் ஸ்பானர் இருந்தால் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து படியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் போனை எடுப்பவர் எப்போதும் உங்கள் மனைவிதான். நீங்கள் ஏதாவது ஒரு லிப்ட் குழிக்குள் இருப்பீர்கள். திங்கட்கிழமை நான் கூப்பிட்டு, "சகலைகிட்ட மட்டும் பேசணும்" என்றேன். "சொல்லுங்க அத்தான், நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை விடாம சொல்லிடறேன்" என்றார். ஆகவே இந்தக் கடிதம். அதுவும் வீட்டுக்கு இல்லாமல் உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு. இன்று புதன்கிழமை. மாலை பஸ் கண்டக்டர் தெரிந்தவர், அவர் கையில் கொடுத்தால் இன்றே உங்களிடம் சேர்ந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் முதலிலேயே சொன்னால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

என் மனைவிக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரிக் கட்டளை. கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், கருமணி அகலமாகத் திறந்துகொள்ள அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும், பிறகு ஒரு மெஷினில் தாடையை வைத்தால் படம் எடுப்பார்கள். நான்கு வருடத்துக்கு முன் முதல் தடவை நானும் கூடப் போனேன். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணில் நர்ஸ் சொட்டு விடுவதைப் பார்த்தேன். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது நான் கட்டிலில் இருந்தேன், என் மனைவி எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள், "இவருக்கு எத்தனை வருஷமா சர்க்கரை?" என்று நர்ஸ் அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அன்று அவள் கண்ணை யாரும் பார்க்கவில்லை. மறு வருடத்திலிருந்து, "நீங்க தயவுபண்ணி வெளியவே இருங்க, நான் தங்கச்சிய கூட்டிட்டுப் போறேன்" என்றாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டர்கள் நிற்கும் கொட்டகையில் உட்காருவேன். அக்காவும் தங்கையும் உள்ளே போவார்கள். ஒன்றரை மணி நேரத்தில் இருவரும் சிரித்துக்கொண்டே வருவார்கள். கையில் கலர் படம் இருக்கும், கீழே டாக்டர் எழுதியிருப்பார்: "விழித்திரை நன்று. அடுத்த வருடம் வரவும்." மூன்று வருடம், மூன்று படத்தாள், மூன்று நன்று. ஒரு பச்சைக் கோப்பில் கோத்து நானே அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஆனால் சகலை, நான்கைந்து மாதமாக வீட்டில் நடப்பது நன்றாக இல்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுகிறது, அல்லது விழுவதே இல்லை. தம்ளருக்கு ஒரு விரல் தள்ளித் தண்ணீர் ஊற்றுகிறாள். ஒரு நாள் கதவில் மாட்டியிருந்த என் மழைக்கோட்டைப் பார்த்து, "வாங்க, ஏன் நின்னுட்டே இருக்கீங்க, உக்காருங்க" என்றாள். கோட்டு உட்காரவில்லை. பிறகு அவளே சிரித்து, "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றாள். மாடிப்படியில் கடைசிப் படி எது என்று காலால் துழாவுகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அந்தப் பச்சைக் கோப்பை எடுத்து என் முன்னால் போடுகிறாள். "மூணு வருஷமா நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நீங்க டாக்டரா, அவங்க டாக்டரா?" நியாயமான கேள்வி. ஆனாலும் டாக்டர் பார்த்ததில் தவறிருக்கலாம், நானே ஒரு தடவை பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

சிரிக்காதீர்கள். லிப்ட்காரரான உங்களுக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும். இருட்டான குழியின் அடியைச் சாவித்துவாரம் அளவு ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். டார்ச்சைத் துவாரத்தில் வைத்தால் கண்ணை வைக்க இடமில்லை. கண்ணை வைத்தால் டார்ச்சுக்கு இடமில்லை. கண்ணும் அப்படித்தான். வெளிச்சம் போகிற வழியிலேயே பார்வையும் போக வேண்டும். போன் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. அதன் விளக்கும் காமிராவும் ஒட்டிப் பிறந்தவை. போனை ஒரு முனையில் வைத்து, மறு முனையில் ஒரு பூதக்கண்ணாடி வில்லையை வைத்தால், வெளிச்சம் வில்லை வழியாகக் கண்ணுக்குள் போகும், உள்ளிருக்கும் படம் அதே வில்லையில் திரும்பி வந்து காமிராவில் விழும். படம் தலைகீழாக இருக்கும், அவ்வளவுதான்.

வில்லைக்காகக் கடிகாரக்காரரிடம் போனேன். ஐந்து மடங்கு பெரிதாக்கும் வில்லை வேண்டும் என்றேன்.

"எதுக்கு சார்?"

"என் வீட்டுக்காரம்மா கண்ணுக்குள்ள பாக்கணும்."

அவர் தன் கண்ணிலிருந்த வில்லையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கல்யாணம் ஆன புதுசா சார்?"

"முப்பத்தி மூணு வருஷம் ஆகுது."

"அப்புறம் எதுக்கு சார் வம்பு? நான் எங்க வீட்டம்மா கண்ணை நேருக்கு நேர் பாத்தே பதினஞ்சு வருஷம் ஆச்சு, நிம்மதியா இருக்கேன்" என்றார். ஆனாலும் வில்லையைக் கொடுத்தார்.

குழாய், பாத்ரூம் வேலைக்கு வந்தவர் விட்டுப்போன பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. முப்பத்திரண்டு சென்டிமீட்டர். உள்ளே வெள்ளையாக இருந்ததால் வெளிச்சம் கண்டபடி சிதறியது. கறுப்பாக்க வேண்டும். வீட்டில் கறுப்பாக இருந்தது ஷூ பாலிஷ் ஒன்றுதான். பூசினேன். அது இன்றுவரை காயவில்லை என்பதை, பிற்பாடு இந்தத் தெருவில் வலது கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையத்தோடு நடமாடிய ஆறு பேர் சாட்சி சொல்வார்கள். விளக்கு கண்ணைக் கூசாமல் இருக்க அதன்மேல் மூன்று அடுக்கு டேப் ஒட்டினேன். ஸ்டோர் ரூம் ஜன்னலைக் கம்பளியால் மூடினேன்; இருட்டில் கருமணி தானாக அகலும், சொட்டு மருந்து தேவையில்லை, நானும் மயங்க வேண்டியதில்லை.

மனிதக் கண்ணில் பரீட்சை செய்யுமுன் ஒரு பொய்க்கண் செய்தேன். பிங்பாங் பந்தை அறுத்து, உள்ளே சிவப்புப் பேனாவால் ரத்தக்குழாய்கள் வரைந்து, திரும்ப ஒட்டி, முன்னால் சின்னத் துளை போட்டேன். பசை காயட்டும் என்று சமையல் மேடையில் வைத்துவிட்டு டேப் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அடுப்பில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. "என்னங்க இந்த முட்டை, இருபது நிமிஷமா கொதிக்குது, அடிக்கு இறங்கவே மாட்டேங்குது. கடைக்காரன் பழசைக் கொடுத்துட்டான்" என்றாள் என் மனைவி. எட்டிப் பார்த்தேன். சிவந்த தண்ணீரில் என் பொய்க்கண் மிதந்து சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவளும் சிரித்தாள். பாத்திரத்தைக் கழுவும்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. பிங்பாங் பந்தில் கம்பெனி முத்திரை இருக்கும் சகலை, கறுப்பு எழுத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு.

அதற்குப் பிறகு நான் தாமதிக்கவில்லை. முதலில் கீழ்வீட்டுத் தையல்காரரை உட்கார வைத்தேன். அரை மணி நேரம் அவருடைய இமைமுடிகள் மட்டும் தெரிந்தன. பிறகு குழாயை நூல் அளவு பின்னால் இழுத்தேன், திடீரென்று கண்ணுக்குள் இருப்பது அத்தனையும் வந்து நின்றது! ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய ஆகாயம், அதில் சிவப்பு ஆறுகள், கிளை பிரிந்து கிளை பிரிந்து. நான் கத்திய கத்தலில் தையல்காரர் எழுந்து நின்று குழாயில் மூக்கை இடித்துக்கொண்டார். அடுத்த நொடியே என் சந்தோஷம் போய்விட்டது. ஆறுகள் எல்லாம் சேரும் இடத்தில் மஞ்சளாக, வட்டமாக, நிலாபோல் ஒன்று.

"என்ன சார், பேச்சையே காணோம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. உங்க கண்ணுக்குள்ள ஒரு மஞ்சள் வட்டம் இருக்கு."

"வட்டமா? எவ்வளவு பெருசு?"

"சட்டைப் பொத்தான் மாதிரி."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்குப் போய் மூன்று மணி நேரம் கத்தரியைத் தொடவில்லை, தைக்க வந்த துணிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் மாடிவீட்டு டீச்சரைப் பார்த்தேன், அவருக்கும் வட்டம். வாட்ச்மேனுக்கும் வட்டம். தெரு முழுக்க ஒரே நோய் பரவிவிட்டது என்று நகராட்சிக்கு மனு எழுத உட்கார்ந்தவன், நல்லவேளை, பச்சைக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். நன்று என்று எழுதிய படத்திலும் அதே வட்டம்! மாடிவீட்டு டீச்சரின் புத்தகத்தில் பார்த்தோம்: அது நரம்பு கண்ணுக்குள் நுழையும் வாசல், எல்லோருக்கும் உண்டு. தையல்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "இல்லாதவங்களுக்குத்தான் பிரச்சினையா? அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று அவர் என்னோடு இன்னும் பேசுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி இங்கே வந்தார் அல்லவா? அன்றுதான் இரண்டு சகோதரிகளையும் படம் எடுத்தேன். பெரியவள், அதாவது என் மனைவி, "உங்க குழாய்ல என்னத்த தெரியப்போகுது, கரிதான் தெரியும்" என்ற நம்பிக்கையில் சம்மதித்தாள். உட்கார்ந்தவளுக்கு எதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. குழாய்க்குள் மூக்கை விட்டாள், தாடையை நான் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது, எங்கே பார்ப்பது என்று நான்கு தடவை கேட்டாள். மூன்று வருடம் மெஷினில் உட்கார்ந்து பழகியவள்! சின்னவர், அதாவது உங்கள் மனைவி, கண்ணில் ஒரு குறையும் இல்லாதவர், ஆஸ்பத்திரிப் பக்கம் துணைக்கு மட்டும் போனவர், வந்து உட்கார்ந்தார், தாடையைத் தூக்கினார், மூச்சை அடக்கினார். "அத்தான், உங்க காது நுனியப் பாக்கட்டுமா? படம் எடுக்கறப்ப சிமிட்டக் கூடாதில்ல?" என்றார். இதைக் கவனித்தேன், ஆனால் அப்போது அதை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. (அன்று மாலை அவர் கறுப்பு வளையத்தோடு வீட்டுக்கு வந்திருப்பார். நீங்கள் ஏன் என்று கேட்டிருக்க மாட்டீர்கள். அதுதான் சகலை நம் இருவருக்கும் உள்ள பொதுக்குறை.)

திங்கள் காலை என் மனைவியின் படத்தைப் பச்சைக் கோப்பின் படத்தோடு ஒப்பிட உட்கார்ந்தேன். நான் முப்பத்தோரு வருடம் விரல்ரேகைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ரேகை பிரியும் இடம், சேரும் இடம், முடியும் இடம். பன்னிரண்டு இடங்கள் ஒத்துப்போனால் ஒரே ஆள், இல்லாவிட்டால் வேறு ஆள். அது எங்கள் அலுவலக வழக்கம். விழித்திரை ரத்தக்குழாய்களும் அதே ஜாதிதான். கோப்புப் படத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்து வரைந்தேன். பன்னிரண்டில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. படம் தலைகீழ் என்பது நினைவு வந்து திருப்பினேன். இல்லை. கண்ணாடியில் காட்டினேன். இல்லை. இடது கண்ணை வலது கண் என்று மாற்றிவிட்டேனோ என்று அதையும் வைத்துப் பார்த்தேன். இல்லை. நான் தலைகீழாக நிற்பது ஒன்றுதான் பாக்கி. அதைவிட மோசம், என் மனைவியின் படத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகளும், உப்புத் தூவியதுபோல் மஞ்சள் துகள்களும் இருந்தன. கோப்புப் படத்தில் ஒன்றுகூட இல்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் கோப்பை மாற்றிவிட்டார்கள்! நேராக அங்கே போய் ஆவண அறை வாசலில் நின்று சத்தம் போட்டேன். முப்பது பேர் கூடிவிட்டார்கள். உள்ளே இருந்த அம்மா பதற்றமே இல்லாமல் மூன்று வருடப் படங்களையும் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சார், மூணும் ஒரே ஆள். நீங்களே எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

"மாத்தியிருந்தா மூணு வருஷமும் ஒரே ஆளோட படமா வந்து விழும்? உங்க வீட்டம்மாதான சார் வந்து உக்காந்தாங்க?"

"அவ உள்ளேதான் போனா."

"உள்ள போனாங்க சரி. உக்காந்தது யாரு?"

சகலை, முப்பத்தோரு வருட அனுபவத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். போனில் ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் அடுத்ததை எடுத்தேன். டிரேசிங் தாளை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டு. பதிமூன்றாவதும் இருந்தது.

என் மனைவியின் கோப்பில் மூன்று வருடமாக இருப்பது உங்கள் மனைவியின் கண்.

டிரேசிங் தாளைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தேன். பதினொரு மாத இடைவெளியில் பிறந்த சகோதரிகள், ஒரே குரல், ஒரே மூக்கு, ஒரே உயரம். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் தங்கை எழுந்து போனால் எந்த நர்ஸுக்குத் தெரியும்? என் மனைவி தாளைப் பார்த்தாள், அல்லது பார்ப்பதுபோல் இருந்தாள்.

"ஆமா. அவதான் உக்காந்தா."

"மூணு வருஷமுமா?"

"முதல் வருஷம் சொட்டு மருந்துக்குப் பயந்தேன். ரெண்டாவது வருஷம், முதல் வருஷம் ஏமாத்தினது தெரிஞ்சுடுமேன்னு பயந்தேன்."

"மூணாவது வருஷம்?"

"மூணாவது வருஷம் கண்ணு மங்க ஆரம்பிச்சிடுச்சு. அப்பதான் நிஜமாவே பயந்தேன்." பிறகு, "ஒருத்தரும் பாக்காத வரைக்கும் ஒண்ணும் இல்லன்னு இருக்கலாமில்லங்க?" என்றாள்.

திட்டுவதற்கு நான் நிறையச் சொற்கள் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, டிரேசிங் தாளை மடித்துப் பச்சைக் கோப்பில் வைத்தேன்.

நேற்று, செவ்வாய், அவளைத் தையல்காரர் வீட்டம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, குழாயையும் கோப்பையும் எடுத்துக்கொண்டு விழித்திரை டாக்டரிடம் தனியாகப் போனேன். போனில் படத்தைக் காட்டினேன்.

"இது எந்த ஆஸ்பத்திரில எடுத்தது?"

"எங்க வீட்டு ஸ்டோர் ரூம்ல."

"எந்த மெஷின்?"

பையிலிருந்து குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கண்ணை வைத்துப் பார்த்தார், கறுப்பு வளையத்தோடு நிமிர்ந்தார். நான் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது? "வெளிச்சத்தை இப்படிக் கண்ணுக்குள்ள அடிக்கறதெல்லாம் வீட்ல பண்ற காரியமா?" என்று வளையத்தோடேயே பத்து நிமிடம் கண்டித்தார். பிறகு படத்தைப் பெரிதாக்கினார். சத்தம் குறைந்தது.

"இந்தச் சிவப்புப் பொட்டெல்லாம் ரத்தக் கசிவு. மஞ்சளா இருக்கறது நடுப்பார்வைக்குப் பக்கத்துல வந்துடுச்சு. இன்னும் நடுவுக்குள்ள வரல. இப்ப லேசர் வச்சா இருக்கற பார்வையைக் காப்பாத்திடலாம். ஆறு மாசம் தள்ளிப் போட்டா என்னால உத்தரவாதம் தர முடியாது. வெள்ளிக்கிழமை காலைல ஒன்பது மணிக்குக் கூட்டிட்டு வாங்க. யாரோட கண்ணு இது?"

"என் மனைவியோடது."

"இந்தக் கோப்புல இருக்கறது?"

"மைத்துனியோடது."

அவர் கோப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "அப்ப வெள்ளிக்கிழமை வரப்போறது?" என்றார்.

அதுதான் சகலை என் கேள்வியும். என் மனைவி நேற்று முழுவதும் சாதுவாகத் தலையாட்டினாள். "சரி, வரேன்" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. இரண்டு பேரும் போனில் மெல்லிய குரலில் பேசிக்கொள்கிறார்கள், நான் போனால் பேச்சு துணி துவைக்கும் சோப்புக்கு மாறிவிடுகிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய காரியம் இது: வெள்ளிக்கிழமை மாலை வரை உங்கள் மனைவியை ஊரைவிட்டு வெளியே விடாதீர்கள். என்ன காரணம் சொல்வது என்று திகைக்க வேண்டாம். முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்துவிடுங்கள்; லிப்ட்காரருக்கு முதுகு பிடித்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மணிக்கு ஒரு தடவை வெந்நீர் கேளுங்கள். பஸ் நிலையத்துக்குப் போகும் வழி அடைத்திருக்கிறது என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் கைப்பையை நீங்கள் தொட்டால் போதும், எந்தப் பெண்ணும் வீட்டைவிட்டு நகர மாட்டாள். அவர் அங்கே இருந்தால் என் மனைவி இங்கே இருப்பாள், என் மனைவி இங்கே இருந்தால் வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் அவளே உட்காருவாள். மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார். நான் இந்த முறை கொட்டகையில் உட்காரப்போவதில்லை. மயங்கினால் மயங்குகிறேன்.

உங்கள் மனைவிமேல் கோபம் வேண்டாம். அக்கா நடுங்கினாள், தங்கை எழுந்து போனார்; எனக்கு அப்படி ஒரு உடன்பிறப்பு இல்லையே என்று பொறாமைதான். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, பெரியம்மாவைப்போல் இல்லாமல் டாக்டருக்குப் பயப்படாமல் வளரட்டும். உங்கள் லிப்ட்டுகள் எந்த மாடியிலும் நடுவில் நிற்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நன்மை நாடும்
மூத்த சகலை

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் தலைகீழாகப் படித்துக்கொள்ளவும்.

கடிதத்தோடு ஆதாரமாக என் மனைவியின் கண் படம் ஒன்றைப் புதிதாக எடுத்து, அச்சிட்டு வைக்கலாம் என்று எண்ணி, ஸ்டோர் ரூமில் கம்பளியை மாட்டிவிட்டு, "கொஞ்சம் வா" என்று குரல் கொடுத்தேன். வந்தாள். இருட்டில் உட்கார்ந்தாள். தாடையைத் தூக்கினாள். படம் முதல் தடவையிலேயே விழுந்தது. பார்த்தேன்: சிவப்புப் பொட்டு ஒன்றுகூட இல்லை, மஞ்சள் துகள் ஒன்றுகூட இல்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. குணமாகிவிட்டது, லேசர் வேண்டாம் என்று குதித்தேன், அலமாரியில் இடித்துக்கொண்டேன். பிறகு பழக்கதோஷத்தில் டிரேசிங் தாளை வைத்தேன். ஒன்பது வரை எண்ணிவிட்டு விளக்கைப் போட்டேன்.

உங்கள் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"டீ போடட்டுமா அத்தான்?" என்றார்.

பத்து மணிக்கு அழைப்புமணி அடித்ததாம். நான் அப்போது உங்களுக்குக் குழாயின் நீளத்தை எழுதிக்கொண்டிருந்தேன். இவர் உள்ளே வர, அவள் வெளியே போய், பத்தரை மணி பஸ்ஸில் உங்கள் வீட்டுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைதான் திரும்புவாளாம். "வெள்ளிக்கிழமை?" என்று கேட்டேன். "அதான் நான் வந்துட்டேனே அத்தான். லேசர்தானே, ஊசிகூட இல்லையாம், அஞ்சு நிமிஷமாம். அக்காவுக்காக இதுகூடப் பண்ண மாட்டேனா?" என்றார். ஒரு கறையும் இல்லாத கண்ணில் எதைச் சுடுவார்கள் என்று கேட்டேன். அதை யோசிக்கவில்லை என்றார். யோசித்தார். பிறகு என் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதார். "அப்ப அக்கா கண்ணு போயிடுமா அத்தான்?" என்றார். போகாது, கூட்டிவந்தால் போகாது என்றேன்.

ஆகவே கண்டக்டர் வேண்டாம். இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். இதைப் படிக்கும்போது நான் உங்கள் ஒர்க்‌ஷாப்பில், உங்களுக்கு எதிரே, உங்கள் மனைவியோடு நிற்பேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பேனா அழுவேனா என்று தெரியாததால்தான் படிக்கக் கொடுத்திருக்கிறேன். முடித்ததும் எழுந்து சட்டையைப் போடுங்கள். மூவருமாக உங்கள் வீட்டுக்குப் போவோம். முன்வாசலில் நான் நிற்கிறேன், பின்வாசலில் நீங்கள். என்னைக் கண்டதும் அவள் பின்பக்கமாக ஓடப் பார்ப்பாள். தயவுசெய்து துரத்தாதீர்கள், சகலை. உங்கள் கொல்லைப்புறத்தில் மூன்று படிகள் இருக்கின்றன. அவளுக்கு இரண்டுதான் தெரியும். மெதுவாகக் கூப்பிட்டு, நான் வந்து கையைப் பிடிக்கும்வரை நிற்க வையுங்கள்.